28 கால் கம்ப்யூட்டர்!

அலாரம் மணி அடிக்கிறது. படுத்திருப்பவர் கண்ணைத் திறக்காமல் கையை நீட்டுகிறார். கடிகாரத்தின் மேல் ஒரு தட்டுத் தட்டுகிறார். மணி நின்றுவிடுகிறது. அவர் மறுபடியும் போர்வைக்குள் புகுந்துகொள்கிறார்.

சற்று நேரத்தில் மீண்டும் மணி! மீண்டும் கையை நீட்டுகிறார். கடிகாரம் எட்டவில்லை. முன்பு இருந்த இடத்தைவிட உயரத்தில் தொங்குகிறது. எக்கித் தட்டுகிறார். அடுத்த தடவை அது இன்னும் மேலே போய்விடுகிறது. எழுந்து நின்றால்தான் மணியை நிறுத்த முடியும். எழுந்து நின்ற பிறகு தூக்கம் ஏது?

இது பேய்க் கதை அல்ல. இத்தாலி நாட்டில் உண்மையாகவே செய்த கடிகாரம். கூரையிலிருந்து ஒரு கம்பியில் தொங்கும். தட்டத் தட்ட மேலே ஏறும்.

"தட்டினால் ஏறு" என்ற உத்தரவைக் கேட்டு நடந்தது, ஒரு விரல் நீளம்கூட இல்லாத சிறிய கம்ப்யூட்டர். அதற்கு உத்தரவு போடும் கலை இன்று உலகம் முழுவதும் ஒரு பொழுதுபோக்கு ஆகிவிட்டது. பள்ளிப் பிள்ளைகள் செய்கிறார்கள். ஓய்வு பெற்ற பெரியவர்கள் செய்கிறார்கள். அந்தக் கலை எங்கே பிறந்தது? அதை எப்படித் தொடங்குவது?

வீட்டுக்குள் ஒளிந்திருப்பது

துணி துவைக்கும் மெஷினை எடுத்துக்கொள்வோம். பொத்தானை அமுக்கினால் தண்ணீர் எடுக்கிறது. துவைக்கிறது. அழுக்குத் தண்ணீரை வெளியே விடுகிறது. பிழிகிறது. வேலை முடிந்ததும் குரல் கொடுக்கிறது.

எதற்குப் பின் எதைச் செய்ய வேண்டும் என்று அதற்கு யார் சொல்கிறார்கள்? உள்ளே ஒரு கறுப்புச் சிப் இருக்கிறது. அதன் பெயர் மைக்ரோகண்ட்ரோலர். யோசிக்கும் பகுதி, ஞாபகம் வைத்துக்கொள்ளும் பகுதி, வெளியே கட்டளை அனுப்பும் கால்கள் எல்லாம் ஒரே சிப்பில் அடங்கிய குட்டிக் கம்ப்யூட்டர் அது.

அமெரிக்காவில் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த கேரி பூன், மைக்கேல் காக்ரன் என்ற இருவர் 1971-ம் ஆண்டில் இந்த வகைச் சிப்பை உருவாக்கினார்கள். 1974-ம் ஆண்டில் அது விற்பனைக்கு வந்தது. அதன் பிறகு பொம்மை, டெலிவிஷன் ரிமோட், கார் என்று எல்லாவற்றுக்குள்ளும் இதன் இனம் புகுந்துவிட்டது.

ஆனால் ஒரு குறை. வீட்டில் இருக்கும் சிப்புக்கு உத்தரவு எழுதியது தொழிற்சாலை. பணம் கொடுத்து வாங்கியவர் அதை மாற்ற முடியாது. பொத்தானை அமுக்கலாம். அவ்வளவுதான். மெஷின் அவருடையது. உத்தரவு அவருடையது அல்ல.

தாமே உத்தரவு எழுதிப் பார்க்க ஆசைப்பட்டால், வெகு காலம் வரை விலை உயர்ந்த கருவிகள் வேண்டியிருந்தன. தடித்தடியான புத்தகங்களையும் படிக்க வேண்டியிருந்தது. அந்தக் கதவைத் திறந்தது ஒரு பள்ளி. அதுவும் மூடப்போகும் நிலையில் இருந்த பள்ளி!

டைப்ரைட்டர் ஊர்

வட இத்தாலியில் ஐவ்ரியா என்று ஒரு சிறிய ஊர். ஒலிவெட்டி டைப்ரைட்டர் பிறந்த ஊர் அதுதான். 1908-ம் ஆண்டில் அங்கே அந்தக் கம்பெனி தொடங்கியது.

இந்த ஊரில் 2001-ம் ஆண்டில் ஒரு கலைக்கூடம் ஆரம்பமானது. மனிதர்களும் மெஷின்களும் பழகும் முறையை அழகாக அமைப்பது எப்படி என்பதுதான் அங்கே பாடம். மாணவர்களில் பலர் ஓவியமும் வடிவமைப்பும் தெரிந்தவர்கள். மின்சார வேலை தெரியாதவர்கள். ஆனால் அவர்கள் செய்யும் பொருள்கள் ஒளி விட வேண்டும், அசைய வேண்டும், குரல் கேட்டால் திரும்ப வேண்டும்.

அதற்கு மைக்ரோகண்ட்ரோலர் வேண்டும். அப்போது கிடைத்த பலகை ஒன்றின் விலை சுமார் 50 டாலர். மாணவர்களுக்கு அது பெரிய தொகை.

அங்கே படித்த கொலம்பியா நாட்டு மாணவர் ஹெர்னாண்டோ பாரகன் இதற்கு ஒரு வழி தேடினார். தம் பட்டத்துக்கு உரிய ஆராய்ச்சியாகவே அதை எடுத்துக்கொண்டார். 2003-ம் ஆண்டில் வேலையைத் தொடங்கினார். ஒரு பலகை செய்தார். அதற்கு உத்தரவு எழுதச் சுலபமான ஒரு முறையும் செய்தார். 'வயரிங்' என்று அதற்குப் பெயர் வைத்தார்.

அவருடைய ஆசிரியர்களில் ஒருவர் மாசிமோ பான்சி. இன்னும் மலிவான பலகை வேண்டும் என்று பான்சி நினைத்தார். ஸ்பெயின் நாட்டு டேவிட் குவார்ட்டியேயஸ் முதலியவர்கள் அவருடன் சேர்ந்தார்கள். பாரகன் போட்ட அடித்தளத்தின் மேல், விலை குறைந்த சிப்பை வைத்து, 2005-ம் ஆண்டில் ஒரு புதிய பலகை தயாரானது. விலை சுமார் 30 டாலர்.

ஊரில் ஒரு மதுக்கடை இருந்தது. குழுவினர் அங்கே கூடுவது வழக்கம். கடையின் பெயரில் 'அர்டுயினோ' என்று ஒரு ராஜா இருந்தார். 1002-ம் ஆண்டில் இத்தாலிக்கு அரசராக முடி சூடிய ஐவ்ரியாக்காரர் அவர். அந்தப் பெயரையே பலகைக்கும் வைத்துவிட்டார்கள். அர்டுயினோ!

பூட்டைத் திறந்தார்கள்

அப்போது கலைக்கூடத்துக்குப் பண நெருக்கடி. மூடப்போகிறார்கள் என்று பேச்சு. பள்ளி போனால் பலகையும் அதோடு போய்விடுமே என்று குழுவினர் கவலைப்பட்டார்கள். ஒரு முடிவு செய்தார்கள்.

பலகையின் படம், உத்தரவு முறை எல்லாவற்றையும் உலகத்துக்குத் திறந்துவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்துகொள்ளலாம். மாற்றிச் செய்யலாம். செய்து விற்கவும் செய்யலாம். பெயரை மட்டும் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள்.

முதலில் 300 வெறும் பலகைகள் அச்சடித்தார்கள். மாணவர்களிடம் கொடுத்து, "நீங்களே பாகங்களைப் பொருத்திக்கொள்ளுங்கள்" என்றார்கள். கூரைக்கு ஏறும் கடிகாரம் அந்த முதல் அலையில் வந்ததுதான்.

பள்ளி ஐவ்ரியாவில் நிலைக்கவில்லை. பலகை நிலைத்துவிட்டது. பூட்டி வைத்திருந்தால் அதுவும் அன்றே மறைந்திருக்கலாம்.

ஒரு வருத்தமும் உண்டு. அர்டுயினோவின் கர்த்தாக்கள் என்று உலகம் ஐந்து பேரைச் சொல்கிறது. அந்த ஐவரில் பாரகன் இல்லை. 2016-ம் ஆண்டில் அவர் தம் பங்கை விவரமாக எழுதி வெளியிட்டார். விளக்கை ஏற்றியவர்களைப் பற்றிப் பேசும்போது, திரி திரித்தவரையும் சொல்வதுதான் முறை.

பூரான் போல

2010-ம் ஆண்டில் 'யூனோ' என்ற பலகை வந்தது. யூனோ என்றால் இத்தாலிய பாஷையில் 'ஒன்று'. தொடங்குகிறவர்கள் பலரும் கையில் எடுப்பது இதுதான். உள்ளங்கைக்குள் அடங்கும். எடை சுமார் 25 கிராம்.

பலகையின் மேல் கறுப்பாக, நீளமாக ஒன்று படுத்திருக்கும். ஒரு பக்கம் 14 கால், மறு பக்கம் 14 கால். மொத்தம் 28 கால். பார்த்தால் பூரான் போல இருக்கும். அதுதான் சிப்.

உத்தரவுகளை எழுதி வைக்க அதில் 32 கிலோபைட் இடம் உண்டு. அதாவது சுமார் 32 ஆயிரம் எழுத்து. மின்சாரத்தை நிறுத்தினாலும் அது அழியாது. வேண்டும்போது அழித்துவிட்டு வேறு எழுதலாம். 10 ஆயிரம் தடவை அப்படி எழுதலாம் என்பது செய்தவர்கள் சொல்லும் கணக்கு.

வேலை செய்யும்போது கணக்குப் போட்டுப் பார்க்க 2 கிலோபைட் இடம். இது மிகவும் கொஞ்சம். 8 ஜிகாபைட் ஞாபகம் உள்ள செல்போனுக்கு இதைப் போல் 40 லட்சம் மடங்கு இடம் இருக்கிறது!

இத்தனை சிறியதுதான். ஆனால் சோம்பேறி அல்ல. ஒரு வினாடிக்கு 1 கோடியே 60 லட்சம் தடவை இதன் நாடி துடிக்கிறது.

நடுவே ஒரு துபாஷி

இந்தப் பூரானோடு எப்படிப் பேசுவது?

அதற்குத் தெரிந்தது 0, 1 என்ற இரண்டு எழுத்துத்தான். அந்த எழுத்துக்களில் 131 வகை உத்தரவுகள் அதற்குப் புரியும். பெரும்பாலான உத்தரவு 16 எழுத்து நீளம். மனிதன் அப்படி எழுதிக்கொண்டிருந்தால் ஒரு விளக்கு எரிவதற்குள் கண் அவிந்துவிடும்.

வெள்ளைக்காரன் வியாபாரம் செய்ய வந்த காலத்தில் துபாஷி என்று ஒருவர் இருந்தார். இரண்டு பாஷை தெரிந்தவர். இவர் சொல்வதை அவருக்கும் அவர் சொல்வதை இவருக்கும் சொல்வார். அவர் இல்லாமல் வியாபாரம் நடக்காது.

கம்ப்யூட்டருக்கும் அப்படி ஒரு துபாஷி உண்டு. அதன் பெயர் கம்பைலர். மனிதன் தனக்குப் புரியும் விதத்தில் எழுதுகிறான். கம்பைலர் அதைச் சிப்பின் எழுத்தில் மாற்றிக் கொடுக்கிறது. மாற்றும் வேலைக்குக் கம்பைல் செய்வது என்று பெயர்.

இந்த எண்ணத்துக்கு வழி காட்டியவர் ஒரு பெண்மணி. அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த கிரேஸ் ஹாப்பர். கணித மேதை. 1952-ம் ஆண்டு வாக்கில் அவர் முதல் கம்பைலரைச் செய்து காட்டியபோது பலர் நம்பவில்லையாம். கம்ப்யூட்டர் கணக்குத்தான் போடும், அது எப்படி மொழிபெயர்க்கும் என்று கேட்டார்களாம்.

மனிதன் எழுதுகிற பாஷைகள் பல. சிப்புகளுக்கு எழுதுவதில் புகழ் பெற்றது 'சி' என்ற ஒற்றை எழுத்துப் பாஷை. அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி 1972-ம் ஆண்டு வாக்கில் இதை உருவாக்கினார். அதற்கு முன் இருந்த பாஷையின் பெயர் 'பி'. அதற்கு அடுத்தது 'சி'. ரிச்சி 2011-ம் ஆண்டில் காலமானார். அவர் பாஷை இன்றும் வேலை செய்கிறது.

யூனோவில் உள்ள சிப்பின் குடும்பமே சி பாஷையை மனத்தில் வைத்துப் பிறந்ததுதான். நார்வே நாட்டில் ட்ரோண்ட்ஹைம் நகரில் படித்த ஆல்ஃப் எகில் போகன், வேகார்ட் வொல்லன் என்ற இரண்டு மாணவர்கள் அதைத் திட்டமிட்டார்கள். அமெரிக்காவின் அட்மெல் கம்பெனி அதைத் தயாரித்தது. சிப்பின் வடிவம் முடிவாகும் முன்பே கம்பைலர் எழுதுகிறவர்களைக் கூப்பிட்டு யோசனை கேட்டார்கள். வீடு கட்டும் முன்பே குடியிருக்கப் போகிறவரைக் கேட்டது போல!

அப்படியானால் துபாஷிக்குச் சம்பளம் எவ்வளவு? ஒன்றும் இல்லை. ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்கர் 1987-ம் ஆண்டில் ஒரு சி கம்பைலரை எழுதி வெளியிட்டார். யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று சொல்லியே கொடுத்தார். பிறகு பலர் சேர்ந்து அதை வளர்த்தார்கள். நார்வே மாணவர்களின் சிப்புக்கும் பேசக் கற்றுக்கொடுத்தார்கள். அர்டுயினோவுக்கு உள்ளே உட்கார்ந்து வேலை செய்வது அந்த இலவசத் துபாஷிதான்.

முதல் விளக்கு

எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி இதைத் தொடங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் மேல்தொட்டி அடிக்கடி நிரம்பி வழிகிறது. பாட்டி தினமும் சத்தம் போடுகிறாள். தொட்டி நிரம்பினால் மணி அடிக்கும்படி செய்ய வேண்டும் என்று பேத்திக்கு ஆசை.

முதலில் வேண்டியது என்ன? ஒரு யூனோ பலகை. ஒரு யு.எஸ்.பி. வயர். ஒரு கம்ப்யூட்டர். அது பழையதாக இருந்தாலும் போதும். சென்னையில் இருப்பவர்கள் அண்ணா சாலைக்குப் பக்கத்தில் உள்ள ரிச்சி தெருவுக்குப் போனால் பலகையும் பாகங்களும் கிடைக்கும். தெருவின் பெயரும் டென்னிஸ் ரிச்சியின் பெயரும் ஒன்றாக இருப்பது தற்செயல். திறந்த படத்தைப் பார்த்துச் செய்த பலகைகள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன.

வயர் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. சில வயர்கள் செல்போனுக்கு மின்சாரம் ஏற்ற மட்டுமே பயன்படும். அவற்றில் செய்தி போகாது. பலகையில் விளக்கு எரியும், ஆனால் கம்ப்யூட்டருக்குப் பலகை தெரியாது. பலர் முதல் நாளே மனம் உடைவது இதனால்தான். செய்தி போகிற வயர் என்று கேட்டு வாங்க வேண்டும்.

உத்தரவு எழுதும் அர்டுயினோ புரோகிராம் இலவசம். அதைத் திறந்து, பலகையின் பெயர் 'யூனோ' என்று தேர்ந்தெடுக்க வேண்டும். எந்த வாசல் வழியாகப் பலகை இணைந்திருக்கிறது என்பதையும் காட்ட வேண்டும். இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் உத்தரவு போய்ச் சேராது.

முதல் பாடம் விளக்கு மினுக்குவது. பலகையிலேயே ஒரு சின்ன விளக்கு இருக்கிறது. அது 13-ம் எண்ணோடு சேர்ந்தது. அதற்கு எழுதும் உத்தரவைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

13-ம் எண் வெளியே கட்டளை அனுப்பட்டும்.
விளக்கை ஏற்று.
1000 எண்ணும் வரை காத்திரு.
விளக்கை அணை.
1000 எண்ணும் வரை காத்திரு.
மறுபடியும் ஏற்றுவதிலிருந்து தொடங்கு.

வினாடியை ஆயிரம் பங்கு போட்டால் ஒரு பங்கு மில்லி செகண்டு. ஆகவே 1000 என்றால் ஒரு வினாடி. முதல் வரியை ஒரு தடவை செய்தால் போதும். அதை எழுதும் இடத்துக்கு 'செட்டப்' என்று பெயர். மற்றவை ஓயாமல் சுற்றும். அந்த இடத்துக்கு 'லூப்' என்று பெயர். செக்கு மாடு போல!

எழுதியாயிற்று. பொத்தானை அமுக்கினால் நான்கு வேலை நடக்கும். வேண்டிய துண்டுகளை ஓரிடத்தில் சேர்ப்பது ஒன்று. சிப்பின் எழுத்தில் மாற்றுவது இரண்டு. முன்பே தயாராக உள்ள பகுதிகளோடு இணைப்பது மூன்று. வயர் வழியாகச் சிப்புக்குள் இறக்குவது நான்கு. சில வினாடிகளில் முடிந்துவிடும்.

விளக்கு மினுக்குகிறது. ஒரு வினாடி ஒளி. ஒரு வினாடி இருள். பார்ப்பவருக்கு அது சாதாரண விளக்கு. எழுதியவளுக்கு அப்படி அல்ல. ஒரு மெஷின் முதல் முதலாக அவள் சொல்லைக் கேட்டிருக்கிறது!

ஒரு சிறு புள்ளி

எல்லாருக்கும் முதல் தடவையே மினுக்கிவிடுமா? இல்லை. சிவப்பு எழுத்தில் வரி வரியாகப் பிழைகள் வந்து நிற்கும். பயந்து மூடி வைப்பவர்கள் உண்டு.

பயப்பட ஒன்றும் இல்லை. சி பாஷையில் ஒவ்வொரு உத்தரவின் முடிவிலும் அரைப்புள்ளி வைக்க வேண்டும். ஒரு புள்ளி விட்டுப்போனால் துபாஷி ஒப்புக்கொள்ளாது. வேடிக்கை என்னவென்றால், பல சமயம் அது பிழை இருக்கும் வரியைக் காட்டாமல் அடுத்த வரியைக் காட்டும். முற்றுப்புள்ளி இல்லாத வாக்கியத்தைப் படிப்பவர் அடுத்த வாக்கியத்துக்குப் போன பிறகுதானே தடுமாறுகிறார்? அதே கதைதான். ஆகவே காட்டிய வரி சரியாக இருந்தால் அதற்கு மேல் வரியைப் பார்க்க வேண்டும்.

இங்கிலீஷில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற வித்தியாசம் உண்டு. சி பாஷைக்கு அவை இரண்டும் வேறு வேறு. பெரிய எழுத்துக்குப் பதில் சின்ன எழுத்தைப் போட்டால், "இப்படி ஒருவரை எனக்குத் தெரியாது" என்று துபாஷி கைவிரித்துவிடும்.

இருபது பிழை வந்தால் முதல் பிழையை மட்டும் திருத்திவிட்டு மறுபடியும் கம்பைல் செய்ய வேண்டும். ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனதால் இருபது பிழையும் வந்திருக்கலாம். ஒன்றைத் திருத்தினால் எல்லாம் ஓடிவிடும்.

கண்டிப்பான வாத்தியார் போலத்தான் கம்பைலர். திட்டும். ஆனால் எங்கே தப்பு என்றும் சொல்லும். அடிக்காது. ஆயிரம் தடவை கேட்டாலும் சலிக்காது.

ஒரு நிமிடம் 49 நாள் ஆன கதை

வாத்தியார் சொல்லாத தப்பும் உண்டு. அதுதான் ஆபத்தானது.

நம் எட்டாம் வகுப்புப் பெண் தொட்டி வேலைக்கு வந்துவிட்டாள். தொட்டிக்கு ஒரு மிதவை வாங்கினாள். தண்ணீர் மேலே வந்தால் மிதவை எழும். அதற்குள் இருக்கும் இரண்டு வயர்கள் ஒன்று சேரும். பலகை அதைப் பார்த்து மணி அடிக்க வேண்டும். "மிதவையைப் பார். எழும்பியிருந்தால் மணி அடி. பிறகு ஐந்து வினாடி காத்திரு. மறுபடியும் பார்" என்று எழுதினாள். காத்திருக்கும் நேரத்தை '5 பெருக்கல் 1000' என்று போட்டாள்.

வாளித் தண்ணீரில் வைத்துச் சோதித்தாள். மணி அடித்தது. வீடே கைதட்டியது.

"ஐந்து வினாடிக்கு ஒரு தரம் எதற்குப் பார்க்க வேண்டும்? ஒரு நிமிடத்துக்கு ஒரு தரம் பார்த்தால் போதுமே" என்றார் அப்பா. அவளும் 5 என்பதை 60 என்று மாற்றினாள். கம்பைலர் ஒரு பிழையும் சொல்லவில்லை. பலகையைத் தொட்டியில் மாட்டினார்கள். மோட்டாரைப் போட்டார்கள்.

தண்ணீர் வழிந்து வாசல் வரை ஓடியது. மணி அடிக்கவே இல்லை!

"என்னடி, உன் மெஷின் தூங்கிப்போச்சா?" என்றாள் பாட்டி.

"இல்லை பாட்டி, நேற்று அடிச்சுதே!" என்று அழாக்குறையாக நின்றாள் பேத்தி.

பாட்டி சொன்னதுதான் உண்மை. அது தூங்கித்தான் போயிருந்தது!

நடந்தது என்ன? இந்தச் சிப் சாதாரண முழு எண்ணுக்கு ஒதுக்கும் இடம் மிகச் சிறியது. அதில் 32,767 வரைதான் கொள்ளும். 5 பெருக்கல் 1000 என்பது 5,000. அது அடங்கிவிட்டது. 60 பெருக்கல் 1000 என்பது 60,000. அடங்கவில்லை. படியில் கொள்ளாத நெல் கீழே சிந்துவது போல எண் சிதறிவிட்டது. கிடைத்த விடை, பூஜ்யத்துக்கும் கீழே 5,536!

காத்திருக்கும் உத்தரவுக்குப் பூஜ்யத்துக்குக் கீழே உள்ள எண் தெரியாது. அது இதைப் பிரம்மாண்டமான எண்ணாக எடுத்துக்கொண்டது. 429 கோடியே 49 லட்சத்து 61 ஆயிரத்து 760 மில்லி செகண்டு! கணக்குப் போட்டால் 49 நாளுக்கும் மேல். மாட்டியவுடன் பலகை ஒரு தரம் மிதவையைப் பார்த்தது. தொட்டி காலி. சரி என்று 49 நாள் தூங்கப் போய்விட்டது.

மாற்று என்ன? 60 என்ற எண்ணுக்குப் பின்னால் 'யு', 'எல்' என்ற இரண்டு இங்கிலீஷ் எழுத்துக்களைச் சேர்த்தால் போதும். "இது பெரிய எண், பெரிய இடம் ஒதுக்கு" என்று அதற்கு அர்த்தம்.

துபாஷிக்கு இந்தத் தப்பு தெரியாதா? தெரியும். எச்சரிக்கும் பழக்கமும் உண்டு. ஆனால் அர்டுயினோ புரோகிராமில் எச்சரிக்கைகளை ஆரம்பத்தில் அடக்கி வைத்திருக்கிறார்கள். தொடங்குகிறவர் மிரண்டுவிடக் கூடாது என்றால் அது நல்லதுதான். ஆனால் விருப்பங்கள் பக்கத்துக்குப் போய் 'எல்லா எச்சரிக்கையும் காட்டு' என்று மாற்றிக்கொள்வது புத்திசாலித்தனம்.

அப்போதும் ஒன்றை மறக்கக் கூடாது. கம்பைலர் இலக்கணம் பார்க்கும். எழுதியவர் மனத்தில் என்ன நினைத்தார் என்று அதற்குத் தெரியாது. இலக்கணம் சரியான பொய்யும் உண்டு அல்லவா? கம்பைல் ஆகிவிட்டது என்றால் வேலை முடிந்தது என்று பொருள் அல்ல. உண்மையான தொட்டியில், உண்மையான தண்ணீரில் சோதித்த பிறகுதான் முடிந்தது.

ஜாக்கிரதை!

பலகை வேலை செய்வது 5 வோல்ட் மின்சாரத்தில். அது கையைத் தாக்காது. வீட்டுச் சுவரில் இருப்பது 230 வோல்ட். அது ஆளைக் கொல்லும். "மணி அடிப்பானேன், மோட்டாரையே நிறுத்திவிடலாமே" என்று பிள்ளைகளுக்குத் தோன்றும். மோட்டார் இணைப்பைத் தொட வேண்டியவர் லைசென்சு உள்ள எலெக்ட்ரீஷியன். பிள்ளைகள் 5 வோல்ட்டோடு நிற்க வேண்டும். பெற்றோர் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

பலகைக்கும் தீங்கு வரக் கூடாது. வெளியே தனியாக ஒரு எல்.இ.டி. விளக்கு மாட்டினால் அதோடு 220 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்க்க வேண்டும். அது மின்சாரத்தை மட்டுப்படுத்தும். இல்லாவிட்டால் விளக்கு கருகலாம், சிப்பின் காலும் கெடலாம். விளக்கின் நீளமான கால் பலகையின் எண்ணுள்ள துளைப் பக்கம். குட்டையான கால் தரைப் பக்கம். மாற்றிப் போட்டால் எரியாது.

அடுத்த படி

விளக்கும் மணியும் கைவந்த பிறகு என்ன?

அர்டுயினோ பல வேலைகளைத் திரைக்குப் பின்னால் தானே செய்துவிடுகிறது. அதன் உத்தரவுகள் சி-யின் வழியில் பிறந்த 'சி பிளஸ் பிளஸ்' என்ற பாஷையைச் சேர்ந்தவை. திரையை விலக்கிப் பார்க்க ஆசைப்படுகிறவர், அதே பலகைக்கு வெறும் சி பாஷையிலேயே எழுதலாம். கம்பைலரைத் தம் கையாலேயே கூப்பிட்டு, நான்கு வேலையையும் ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கலாம்.

அப்போது ஒரு உண்மை தெரியும். அர்டுயினோ முறையில் விளக்கு மினுக்கும் புரோகிராம் சுமார் 900 பைட் இடம் பிடிக்கும். வெறும் சி-யில் எழுதினால் 200 பைட் அளவிலேயே முடித்துவிடலாம். மீதி இடம் எல்லாம் சௌகரியத்துக்குக் கொடுத்த விலை. சௌகரியம் வேண்டாம் என்பது அல்ல. விலை தெரிந்து வாங்குவது நல்லது.

நம் நாட்டில் 2016-ம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய அடல் இயக்கத்தின் கீழ், பல பள்ளிகளில் இப்படிச் செய்து பழகும் கூடங்கள் இருக்கின்றன. ஆறாம் வகுப்பு முதல் பிள்ளைகள் அங்கே பழகலாம். பிள்ளையின் பள்ளியில் அது இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பதற்குக் காசு இல்லை.

யார் கையில் சாவி?

பள்ளியே கைவிட்டுப் போகும் வேளையில், ஐவ்ரியாவில் சிலர் தங்கள் வேலையை ஊருக்குப் பொதுவாக்கினார்கள். அதற்கு முன்பே ஒரு மாணவர் அஸ்திவாரம் போட்டிருந்தார். அதற்கும் முன்பே ஒருவர் துபாஷியைக் காசு வாங்காமல் கொடுத்திருந்தார். அத்தனை பேர் கொடுத்ததும் சேர்ந்து சில நூறு ரூபாய்ப் பலகையில் உட்கார்ந்திருக்கிறது.

எல்லாப் பிள்ளைகளும் எஞ்சினீயர் ஆக வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் உள்ள மெஷின்கள் யாரோ எழுதிய உத்தரவைத்தான் கேட்கின்றன. அந்த உத்தரவை எழுதியவரும் மனிதர். அவரும் தவறுவார். தானும் கற்றுக்கொண்டால் எழுதலாம். இந்த மூன்றும் தெரிந்த பிள்ளைக்கு மெஷின் மந்திரமாகத் தோன்றாது.

நம் எட்டாம் வகுப்புப் பெண் இரண்டு எழுத்துச் சேர்த்தாள். மறுபடியும் கம்பைல் செய்தாள். இந்தத் தடவை வாளியில் அல்ல, தொட்டியிலேயே சோதித்தாள். தண்ணீர் விளிம்புக்கு வந்தது. ஒரு நிமிடம் ஆயிற்று.

மணி அடித்தது. மோட்டாரை நிறுத்தப் போனவள் பாட்டி!